இரவு வண்டியில் விழித்திருந்தவர்

1896இல் நியூயார்க்கில் அச்சாகி வெளிவந்த 'இன் தி பேகேஜ் கோச் அஹெட்' என்ற பாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றும் மழையுமான ஓர் இரவில் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. படுக்கை வசதியுள்ள பெட்டியில் எல்லோரும் படுத்தாயிற்று. கைக்குழந்தையோடு ஓர் இளைஞன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். குழந்தை அழுகிறது, ஓயவே இல்லை. ஒருவர் எரிந்து விழுகிறார். இன்னொருவர், நாங்கள் காசு கொடுத்துப் படுக்கை எடுத்திருக்கிறோம், பிள்ளையை வெளியே கொண்டுபோ என்கிறார். அவன் பதில் பேசவில்லை. தாயிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே என்று ஒரு பெண் கேட்கிறாள். அப்போதுதான் அவன் வாய் திறக்கிறான். தாய் இதே வண்டியில்தான் வருகிறாள், முன்னால் உள்ள சாமான் பெட்டியில், சவப்பெட்டிக்குள்.

இரண்டாம் பகுதியில் அவன் தன் கதையைச் சொல்கிறான். ஆண்டுக்கணக்கில் சேமித்து வீடு கட்டியது, குழந்தை பிறந்தது, அதன்பின் நடந்தது. கேட்டவர்கள் கண் கலங்குகிறார்கள். பெட்டியிலிருந்த பெண்கள் எழுந்து வந்து குழந்தையை ஆளுக்கு ஆள் வாங்கிக்கொள்கிறார்கள். அது தூங்கிவிடுகிறது. காலையில் ஒரு நிலையத்தில் அவன் எல்லோரிடமும் விடைபெற்று இறங்கிப் போகிறான். பயணிகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் சொல்ல ஒரு கதையோடு போகிறார்கள்.

அழவைப்பதற்கென்றே தைத்த சட்டை என்று இதைத் தள்ளிவிடலாம். அமெரிக்க விமர்சகர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அழவைக்க முயன்ற பாட்டுகள் அந்தப் பத்தாண்டில் ஆயிரக்கணக்கில் வந்தன. இது தலைமுறை தாண்டி நின்றது. காரணம் அதன் கட்டுமானத்தில் இருக்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கைச் சொல்கிறது. பிறரால் இகழப்படுவது இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழப்பது இழவு. துக்கப் பாட்டு எழுதும் சாதாரண ஆள் நேரே இழவில் தொடங்குவான். பிணத்தைக் கொண்டுவந்து முதல் வரியிலேயே கிடத்துவான். இந்தப் பாட்டு இளிவில் தொடங்குகிறது. ஓர் இளைஞன் நாலு பேர் முன்னிலையில் திட்டு வாங்குகிறான், பேசாமல் இருக்கிறான். அவன் ஏன் பேசவில்லை என்பது நமக்கு அப்போது தெரியாது. இரவு வண்டியில் பச்சைக் குழந்தை விடாமல் அழுதால் மனதுக்குள் முணுமுணுக்காதவர் யார்? கேட்பவர் முதலில் திட்டியவர்களின் பக்கமே நிற்கிறார். இழவுச் செய்தி அதன்பின் வருகிறது. ஆகவே பாட்டைக் கேட்டு வரும் கண்ணீரில் இரக்கம் பாதி, வெட்கம் பாதி. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாட்டு படுத்துவிடும்.

இந்தக் கட்டுமானத்துக்கு அன்றைய ரயில் பெட்டி பெரிதும் உதவியது. புல்மன் நிறுவனத்தின் படுக்கைப் பெட்டியில் அறைகள் குறைவு. பெரும்பகுதி திறந்த கூடம். பகலில் எதிரெதிராக இருக்கும் இருக்கைகளை இரவில் இழுத்துச் சேர்த்தால் கீழ்ப்படுக்கை. கூரையை ஒட்டி மடித்து வைத்திருக்கும் பலகையைக் கீழே இறக்கினால் மேல்படுக்கை. மறைப்புக்குத் தடித்த திரைச்சீலை. பணக்காரரும் நடுத்தரக்காரரும் உள்ளாடையோடு வரிசையாகப் படுத்திருக்க, ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையில் துணி மட்டும்தான். ஒரு குழந்தை அழுதால் பெட்டி முழுக்க விழித்துக்கொள்ளும். ஒருவன் தாழ்ந்த குரலில் தன் துக்கத்தைச் சொன்னாலும் பெட்டி முழுக்கக் கேட்கும். அந்நியர்களை ஓர் இரவுக்கு ஒரே வீட்டில் படுக்கவைத்த அந்த ஏற்பாடு இல்லாமல் இந்தக் கதை நடந்திருக்க முடியாது.

சவம் சாமான் பெட்டியில் போவதும் கற்பனை அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861க்கும் 1865க்கும் இடையில், உடலைப் பதப்படுத்தித் தொலைதூரம் அனுப்பும் தொழில் வளர்ந்தது. 1865 ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கனின் உடல் வாஷிங்டனிலிருந்து இலினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ரயிலில் போனபோது, மூன்றாண்டுக்கு முன் இறந்த அவருடைய சிறு மகன் வில்லியின் சவப்பெட்டியும் அதே வண்டியில் போனது. பிழைப்புக்காக ஆயிரம் மைல் தள்ளிக் குடியேறியவர்கள் நிறைந்த நாட்டில், இறந்தவரைப் பிறந்த ஊர் மண்ணில் புதைக்க ரயிலைவிட்டால் வேறு வழி கிடையாது. ரயில் நிறுவனங்கள் இதற்கென்று விதிமுறை வைத்திருந்தன. சவத்துக்கும் பயணச்சீட்டு வாங்க வேண்டும், உடன் ஒருவர் பயணம் செய்ய வேண்டும். பாட்டில் வரும் இளைஞன் மனைவிக்கும் சேர்த்துத்தான் சீட்டு எடுத்திருப்பான். காசு கொடுத்துப் படுக்கை எடுத்தோம் என்று கத்துகிறவருக்கு அது தெரியாது.

பிரசவத்தை ஒட்டித் தாய் இறப்பதும் அன்று அரிதல்ல. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆயிரம் பிறப்புக்கு ஆறு முதல் ஒன்பது தாய்மார்கள் இறந்தார்கள். ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ நூறு, ஒரு வயது நிறைவதற்குள் போய்ச் சேர்ந்தன. பியானோ இருந்த வீட்டில் நாற்பது ஐம்பது சென்ட் கொடுத்து இந்தப் பாட்டின் அச்சுத்தாளை வாங்கிவந்து பாடிய பெண்களில், இப்படி ஒரு சாவைத் தன் தெருவிலாவது பார்க்காதவர் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

இதை எழுதி இசையமைத்தவர் கஸ்ஸி லார்ட் டேவிஸ். கறுப்பர். 1863இல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்தவர். சின்சினாட்டியில் ஓர் இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது நிறத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள் என்றும், அதே கல்லூரியில் குறைந்த கூலிக்குத் துப்புரவு வேலை பார்த்து, அதற்கு ஈடாகத் தனியே பாடம் கற்றார் என்றும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பதின்பருவத்திலேயே பாட்டு எழுதத் தொடங்கி நியூயார்க்குக்கு வந்தார். அமெரிக்க வணிகப் பாட்டுத் தொழிலின் சந்தையாக இருந்து, பிற்காலத்தில் டின் பேன் அலி என்று பெயர் பெற்ற உலகத்தில் நிலைத்து வெற்றிபெற்ற முதல் கறுப்பினப் பாட்டாசிரியர் என்று அவரைச் சொல்வது வழக்கம். 1895இல் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழ் நடத்திய பாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்று, 500 டாலர் பரிசு வாங்கினார். அடுத்த ஆண்டு வந்தது இந்தப் பாட்டு. வெளியிட்டவர்கள் ஹௌலி, ஹேவிலண்ட் நிறுவனத்தார். நாவலாசிரியர் தியோடர் டிரைசர் அப்போது இவர்களுடைய மாத இதழுக்குத்தான் ஆசிரியராக இருந்தார். கதை சொல்லும் பாட்டுகளை மேடையில் உருக்கமாகப் பாடுவதில் பேர்வாங்கிய இமோஜின் கோமர் என்ற பாடகி இதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

டேவிஸ் பார்த்த வேலைகளில் ரயில் போர்ட்டர் வேலையும் ஒன்று. இந்தப் பாட்டின் சம்பவத்தை அவரே ஒரு பயணத்தில் பார்த்தார் என்று ஒரு வடிவம் உண்டு. உடன் வேலை செய்த இன்னொரு போர்ட்டர் பார்த்துச் சொன்னதை அவர் பாட்டாக்கினார் என்று மற்றொரு வடிவம். எது சரி என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. இரண்டிலும் சாட்சி ஒரு போர்ட்டர்தான்.

புல்மன் போர்ட்டர் என்றால் யார் என்று இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1867இல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் புல்மன், படுக்கைப் பெட்டிகளில் பணிவிடைக்குக் கறுப்பர்களைத் தேடி அமர்த்தினார். முதல் தலைமுறையில் பலர் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள். இருக்கைகளைப் படுக்கையாக்குவது, விரிப்பு போடுவது, திரையைக் கட்டுவது, எல்லோரும் தூங்கியபின் படுக்கைக்கு அடியிலிருந்து காலணிகளை எடுத்து மெருகேற்றி வைப்பது, மணி அடித்தால் ஓடுவது, விடியுமுன் இறங்குகிறவரைத் தட்டி எழுப்புவது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம் சொற்பம், பயணிகள் தரும் இனாம்தான் பிழைப்பு. பயணிகள் அவர்களுடைய பெயரைக் கேட்பதில்லை. எல்லாப் போர்ட்டரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள், முதலாளியின் பெயரால். அடிமையை ஆண்டையின் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம் அது. 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டி, நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட 1937 ஆயிற்று.

இப்போது பாட்டுக்குத் திரும்புவோம். இரவில் ஒரு புல்மன் பெட்டியில், பயணிகள் எல்லோரும் தூங்கினாலும் விழித்திருக்கக் கடமைப்பட்ட ஆள் ஒருவர் உண்டு. குழந்தை அழுதால் முதலில் காதில் விழுவது அவருக்கு. பயணி புகார் சொன்னால் அது போய்ச் சேருவது அவரிடம். அந்த இளைஞன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான் என்றால், அவனுடைய இருக்கையைப் படுக்கையாக்கும் வேலை முடியாமல் ஒருவர் காத்திருந்திருப்பார். பாட்டில் எரிந்து விழுகிறவர் இருக்கிறார், கேள்வி கேட்கும் பெண் இருக்கிறாள், தாய்மார்களும் மனைவிமார்களும் இருக்கிறார்கள். போர்ட்டர் இல்லை.

ஆனால் எல்லோரும் படுத்துவிட்டார்கள் என்று நமக்குச் சொல்வது யார்? திட்டிய இருவரின் பேச்சையும் தனித்தனியாகக் கேட்டவர், குழந்தை எப்போது தூங்கிற்று என்று கவனித்தவர், காலையில் அவன் எல்லோரிடமும் விடைபெற்றதை வாசலருகே நின்று பார்த்தவர் யார்? பாட்டைச் சொல்லும் குரல் யாருடையது என்று பாட்டு தெரிவிப்பதில்லை. அந்தக் குரல் நிற்கும் இடமும் அதன் விழிப்பும் போர்ட்டருடையவை என்பது என் ஊகம். கதைசொல்லி எங்கும் நிறைந்திருப்பது இந்த வகைப் பாட்டின் வழக்கம்தானே, இதில் இவ்வளவு படிக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதியவர் அந்த வேலையைச் செய்திராவிட்டால் நானும் விட்டிருப்பேன்.

பாட்டு வந்த அதே 1896இல், மே 18 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதுவும் ஒரு ரயில் பெட்டியைப் பற்றியதுதான். லூயிசியானா மாநிலம் 1890இல் போட்ட சட்டப்படி வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி. 1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் அந்தச் சட்டத்தைச் சோதிப்பதற்காகவே நியூ ஆர்லியன்ஸில் முதல் வகுப்புச் சீட்டு எடுத்து வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானார். தனித்தனியாக ஆனால் சமமாக இருந்தால் குற்றமில்லை என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அந்த லூயிசியானா சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. மற்ற இனத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது ஒரு கறுப்பினப் பெண், கையில் வெள்ளைக்காரக் குழந்தை இருக்கும்வரை, வெள்ளையர் பெட்டியில் உட்காரலாம். குழந்தையை இறக்கிவிட்டால் இடமும் போயிற்று. ஹார்லனே தன் மறுப்புரையில் இந்த விலக்கைக் குறிப்பிட்டார்.

பாட்டில் வரும் குழந்தையை அந்நியர்கள் ஆளுக்கு ஆள் வாங்கிக்கொண்ட காட்சியை இந்த விலக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். குழந்தை அழுதால் வேலி திறக்கும் என்று சட்டமும் சொல்கிறது, பாட்டும் சொல்கிறது. சட்டத்தில் வேலி யாருக்காக, எதுவரை திறக்கும் என்று எழுதியிருக்கிறது. பாட்டில் அந்த இளைஞனின் நிறம் சொல்லப்படவே இல்லை. சொல்லாமல் விட்டதால்தான் அது எல்லா வீட்டுப் பியானோவிலும் ஏறியது என்று நினைக்கிறேன். அச்சுத்தாளை வாங்கியவர்கள் அவனைத் தங்கள் வீட்டுப் பையனாக நினைத்துக்கொண்டார்கள்.

சந்தை வேறு எதைக் கேட்டது என்பதும் அந்த ஆண்டிலேயே தெரிகிறது. 1896இல் எர்னஸ்ட் ஹோகன் என்ற கறுப்பினக் கலைஞர் எழுதிய பாட்டு ஒன்று, கறுப்பரைக் குறிக்கும் வசைச்சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு நாடு முழுக்க விற்றது. அதைத் தொடர்ந்து அதே வசையில் பாட்டுகள் குவிந்தன. கறுப்பினப் பாட்டாசிரியருக்குக் கதவு திறந்திருந்த வழி அது. டேவிஸும் அந்த வகையில் எழுதியிருக்கிறார், அவரை அதற்கு வெளியே நிறுத்தினால் பொய்யாகிவிடும். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித்தந்தவை நிறம் சொல்லாத துக்கப் பாட்டுகள். தன் இனத்தைப் பாட்டுக்குள் கொண்டுவந்தால் கோமாளியாகத்தான் கொண்டுவர முடியும் என்ற நிலையில், அவர் அதை வெளியே வைத்துவிட்டு மனிதத் துக்கம் ஒன்றை எழுதி விற்றார். போர்ட்டரைப் பாட்டுக்குள் விட்டிருந்தால் அன்றைய மேடையில் அவர் சிரிப்பு வாங்கும் பாத்திரமாகியிருப்பார், சவப்பெட்டியின் கனமும் போயிருக்கும். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. தொழில் தெரிந்தவரின் கணக்கு அது.

அந்தக் காலத்தில் இத்தகைய பாட்டுகள் எப்படி நிகழ்த்தப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1894இல் 'தி லிட்டில் லாஸ்ட் சைல்டு' என்ற பாட்டுக்குக் கண்ணாடிச் சட்டங்களில் படம் எடுத்து, வண்ணம் தீட்டி, பாடகர் பாடப்பாடத் திரையில் காட்டினார்கள். எழுதிய இருவரில் எட்வர்ட் மார்க்ஸ் பொத்தான் விற்றவர், ஜோசப் ஸ்டெர்ன் கழுத்துப்பட்டை விற்றவர். அதன்பின் படக்காட்சியோடு பாடுவது வழக்கமாயிற்று. கதைப்பாட்டு திரைப்படத்துக்கு முந்திய திரைப்படமாக இருந்த சில ஆண்டுகள் அவை. ஒரே அரங்கு, ஒரே இரவு, அடுத்தடுத்துக் காட்சிகள், நடுவில் ஓர் உண்மை வெளிப்படல். டேவிஸின் பாட்டு இந்த வடிவத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.

மூன்றாண்டு கழித்து, 1899இல், டேவிஸ் இன்னொரு தந்தையை எழுதினார். 'ஹி இஸ் கமிங் டு அஸ் டெட்' என்ற அந்தப் பாட்டில் வயதான ஒருவர் காலையில் எக்ஸ்பிரஸ் சரக்கு அலுவலகத்துக்கு வந்து, என் பையன் இன்று வருகிறான் என்று காத்து நிற்கிறார். குமாஸ்தா சிரித்துக்கொண்டே, பெரியவரே, இடம் மாறி வந்துவிட்டீர்கள், பயணிகள் இறங்குவது எதிரே உள்ள நிலையத்தில் என்று வழி காட்டுகிறார். கிழவர் தலையசைத்து விளக்குகிறார்: அவன் பயணியாக வரவில்லை, பெட்டியில் வருகிறான். முந்திய ஆண்டு ஸ்பெயினோடு நடந்த போரின் பின்னணி அது. கடல் கடந்து இறந்த வீரர்களின் உடல்களை அமெரிக்க அரசே பெருமளவில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கத் தொடங்கியது அந்தப் போரில்தான். ஆகவே சரக்கு அலுவலக வாசலில் தந்தை நிற்பது அன்றைய செய்தித்தாள் வாசகருக்குத் தெரிந்த காட்சி.

கட்டுமானம் பழையதுதான். விவரம் தெரியாத ஒருவர் பேசுகிறார், துக்கத்தில் இருப்பவர் ஒரு வாக்கியத்தில் உண்மையைச் சொல்கிறார், பேசியவர் வாயடைத்துப் போகிறார். ஆனால் இரண்டாவது பாட்டு எனக்கு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. குமாஸ்தா கெட்டவர் இல்லை, கடுமையாகப் பேசவும் இல்லை. உதவத்தான் செய்கிறார். ஆனால் பயணிக்கு ஒரு வாசல், சரக்குக்கு ஒரு வாசல் என்ற அலுவலக ஒழுங்கில், மகன் எந்த வாசலில் வருவான் என்பதைத் தந்தையே விளக்க வேண்டியிருக்கிறது. இங்கே எழுந்துவந்து தாங்கிக்கொள்ளும் தாய்மார்கள் கிடையாது. முதல் பாட்டில் இருந்த ஆறுதல் பாதி குறைந்துவிட்டது. ரயில் துறையில் வேலை பார்த்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய இடம் அந்தச் சரக்கு அலுவலகம். அதே ஆண்டு அக்டோபரில் டேவிஸ் நியூயார்க்கில் இறந்தார். முப்பத்தாறு வயதுகூட நிறையவில்லை.

பாட்டுகள் இறக்கவில்லை. 1924இல் ஒரு ரயில் விபத்துப் பாட்டையும் சிறைக்கைதி பாட்டையும் இசைத்தட்டில் பாடிப் பெரும் புகழ் பெற்ற டெக்ஸாஸ்காரர் வெர்னன் டால்ஹார்ட், அடுத்த ஆண்டு 'பேகேஜ் கோச்'சைப் பாடினார். அந்தப் பத்தாண்டின் பின்பகுதியில் தென்பகுதி மலைநாட்டுப் பாடகர்களான கிரேசனும் விட்டரும் இரண்டாவது தந்தையின் பாட்டைப் பதிவு செய்தார்கள். தெற்கின் வெள்ளைக்கார விவசாயக் குடும்பங்கள் இவற்றைத் தங்கள் பாட்டன் காலத்துப் பாட்டுகளாகப் பாடிவந்தன. நாட்டார் பாடல் சேகரிப்பாளர்கள் வந்து குறிப்பெடுத்தபோது பல இடங்களில் ஆசிரியர் பெயர் உதிர்ந்திருந்தது. 1981இல் வெளிவந்த நார்ம் கோஹனின் 'லாங் ஸ்டீல் ரெயில்' போன்ற ஆய்வுகள் ரயில் பாட்டுகளின் அச்சு வரலாற்றைத் தோண்டியெடுத்தபின்தான், மலையடிவாரத்தின் பழம்பாட்டு எனப்பட்டவற்றில் சில நியூயார்க் கடையில் விற்ற சரக்கு என்பது பொது வாசகருக்குத் தெரிந்தது.

டேவிஸ் 1886இல் 'ஐரீன், குட் நைட்' என்று ஒரு பாட்டும் வெளியிட்டிருந்தார். லூயிசியானாவின் கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி தன் சித்தப்பாவிடம் கேட்டுக் கற்றதாகச் சொன்ன 'குட்நைட், ஐரீன்' அதிலிருந்து கிளைத்ததே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1949 டிசம்பரில் லெட் பெல்லி இறந்து சில மாதங்களில், வீவர்ஸ் குழு பாடிய அதன் வடிவம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பதின்மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. பாட்டின் உரிமைக் குறிப்பில் லெட் பெல்லியின் இயற்பெயரும், அவரைப் பதிவு செய்த ஜான் லோமாக்ஸின் பெயரும் இருந்தன. டேவிஸின் பெயர் இல்லை.